ஒருபக்கப் பதிவு

ஸாதியா அந்தக் கடைக்குக் கணக்கெழுத வந்து ஐந்து மாதம். அதற்குள் மூன்றாவது தடவையாகப் பரீட்சை மீதி, அதாவது ட்ரயல் பாலன்ஸ், சமப்படாமல் நின்றது. திரையில் இரண்டு நீளமான நிரல்கள்; ஒன்று வரவு, மற்றது செலவு. இரண்டின் அடியிலும் ஒரே தொகை வர வேண்டும். வரவில்லை. கீழே சிவப்பு எழுத்தில் ‘வித்தியாசம்’ என்று ஒரு வரி. போன மாதம் இருந்ததைவிட அதன் எதிரே இருந்த தொகை பெருத்திருந்தது.

கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்தாள். தொகை மாறவில்லை.

அவளுக்கு அன்று தலை நிமிர்த்தவே பாரமாக இருந்தது. சுபஹுத் தொழுகைக்கு முன்னே எழும்பி இரண்டு பிள்ளைகளுக்கும் சாப்பாடு கட்டி, சின்னவனின் காய்ச்சலுக்கு மருந்து பருக்கி, மூத்தவள் சஹ்லாவை வேனில் ஏற்றி, பக்கத்து வீட்டில் சின்னவனை விட்டுவிட்டு வந்திருந்தாள். கணவன் அஸ்கர் கத்தாரில். அவன் அனுப்பும் காசு வீட்டுக் கடனுக்குப் போனது. இந்தச் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

முத்தலிப் ஹாஜியாரின் கடை காத்தான்குடிப் பிரதான வீதியில் இருந்தது. முன்னால் பெயின்ட், பைப், பூட்டு. பின்னால் டைல்ஸும் கழிவறைக் கொமட்டும். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கணினி. அதில் அம்ஜத் பில் போடுவான். பலகைத் தடுப்புக்குப் பின்னால் ஸாதியாவின் கணினி. அம்ஜத் போடும் பில்லெல்லாம் நாள் முடிவில் ஒரு பொத்தானை அழுத்தியதும் கணக்குப் புத்தகத்துக்குள் தானாகப் போய் விழும். கொழும்பிலுள்ள ஒரு கம்பனியிடம் வாங்கிய மென்பொருள் அது.

வித்தியாசத்தை இரண்டால் வகுத்து, அந்தத் தொகைக்கு ஏதாவது பதிவு இருக்கிறதா என்று தேடினாள். ஒரு பதிவு பக்கம் மாறி விழுந்திருந்தால் அப்படி அகப்படும். ஒன்பதால் வகுத்துப் பார்த்தாள். இலக்கங்கள் இடம் மாறியிருந்தால் ஒன்பதால் மிச்சமில்லாமல் வகுபடும் என்று உயர்தர வகுப்பில் படித்திருந்தாள். இரண்டிலும் ஒன்றும் அகப்படவில்லை. கொழும்புக் கம்பனிக்குப் போன் எடுத்தபோது, தமிழ் தெரிந்த ஒரு பொடியன், “டேட்டா போடுற ஆள்ட பிழையாத்தான் இருக்கும் மேடம்” என்று சொல்லி வைத்துவிட்டான். வருடக் கணக்கு முடித்துக் கொடுக்கும் டவுண் கணக்காளர், “ஏன் மண்டையப் போட்டு உடைக்கிறீங்க? நான் என்ட தாள்ல தொங்கல் கணக்கில போட்டுக்கிறன்” என்றார். காரணம் தெரியாத தொகையை, தெரியும்வரை தொங்க விடுகிற கணக்கு அது. முதல் இரண்டு தடவையும் அப்படித்தான் நடந்தது.

இந்தத் தடவை ஹாஜியார் தடுப்புக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

“இன்னும் சரி வரல்லயா மகள்?”

“இல்ல ஹாஜியார். தேடிட்டு இரிக்கன்.”

“உங்களுக்கும் வீட்டுல வேல கூட போல. புள்ளைகளும் சின்னது.” கொஞ்சம் நின்றார். “கஷ்டமெண்டா சொல்லுங்க. கொஞ்ச நாள் வீட்டுல இரிந்துட்டு வாங்களன்.”

அவர் குரலில் கோபமில்லை. போகும்போது அம்ஜத்திடம் அவளுக்கு ஒரு பிளேன்டி கொண்டுவரச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

அம்ஜத் தேநீரை மேசையில் வைத்துவிட்டுப் போகாமல் நின்றான். முப்பது வயது. ஓட்டமாவடிக்காரன்; கிழமை நாட்களில் கடைக்குப் பின்னாலுள்ள அறையில்தான் தங்கினான்.

“ராத்தா, ஒண்டு சொல்லுவன், கோவிக்கப்படாது.”

“சொல்லு.”

“தக்ஷாயினிக்கும் ஹாஜியார் இப்புடித்தான் சொன்ன. ‘கொஞ்ச நாள் வீட்டுல இரி, கூப்பிடுறன்’ எண்டு. மறுகா கூப்பிடவே இல்ல.”

தக்ஷாயினி யாரென்று ஸாதியாவுக்குத் தெரியும். அவளுக்கு முன் இந்தக் கதிரையில் இருந்த பெண். நாலு வருடம் இருந்தவள். கல்யாணப் பேச்சு வந்து நின்றுவிட்டாள் என்றுதான் இவளிடம் சொல்லியிருந்தார்கள்.

“வித்தியாசமா?”

“ஓம். காசெடுத்த எண்டு ஆரும் சொல்லல்ல. ஆனா ஊரு சும்மா இரிக்குமா?”

தேநீர் ஆறியது. ஐந்து மணிக்குப் பிள்ளைகளைப் பார்க்கக் கிளம்பும்போது, அம்ஜத்திடம் அந்தப் பெண்ணின் நம்பரை வாங்கிக்கொண்டாள்.

இரவு அழைத்தபோது தக்ஷாயினி பெயரைக் கேட்டாள், கடையின் பெயரைக் கேட்டாள், பிறகு, “அந்தக் கடைக் கதை எனக்கு வேணாம் ராத்தா. வைக்கிறன்” என்றாள். வைத்துவிட்டாள்.

ஸாதியாவுக்கு அவள் மேல் வருத்தம் வரவில்லை. தானாக இருந்தாலும் வைத்திருப்பாள். ஒரு குறுஞ்செய்தி மட்டும் எழுதினாள்: ‘எனக்கும் அதேதான் நடக்குது தங்கச்சி.’ பதில் வரவில்லை. மறுநாள் மத்தியானம் வந்தது: ‘தன்னாமுனையில மெயின் ரோட்டு போட்டோகொப்பிக் கடை. வெள்ளிக்கிழமை வாங்க.’

வெள்ளிக்கிழமை கடை பூட்டு. பிள்ளைகளை ஏறாவூரில் தன் மூத்த சகோதரி ஸகியாவின் வீட்டில் விடுகிற சாட்டில் ஸாதியா பஸ் ஏறினாள். கல்லடிப் பாலத்தில் சின்னவன் மடியில் நித்திரையாகிவிட்டான். டவுணைத் தாண்டித் தன்னாமுனைக்கு வரும்வரை அவளும் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். கொண்டக்டர் தட்டி எழுப்பவேண்டி வந்தது. பிள்ளைகளுக்காக ஏறாவூர்ச் சந்தியில் ஸகியா காத்து நிற்பதால், கொண்டக்டரிடம் சொல்லி அவர்களை அனுப்பிவிட்டு அவள் மட்டும் இறங்கினாள். சஹ்லா தம்பியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

கடை ஒரு அறை. போட்டோகொப்பி இயந்திரம், போன் ரீலோட் அட்டைகள், பாடசாலைக் கொப்பிகள். தக்ஷாயினி மெலிந்த பெண். சிரிக்கவில்லை, ஆனால் கதிரையை இழுத்துப் போட்டாள்.

“எவ்வளவு வித்தியாசம்?”

ஸாதியா சொன்னாள்.

“ஒரே தடவையிலயா, கொஞ்சம் கொஞ்சமாவா?”

“கொஞ்சம் கொஞ்சமா. மாசத்துக்கு மாசம் கூடுது. ஒரு மாசம் கூடல்ல.”

“திகதி பிரிச்சுப் பாத்தீங்களா?”

“எப்புடி?”

தக்ஷாயினி ஒரு பழைய கொப்பித் தாளை எடுத்து வரைந்து காட்டினாள். பரீட்சை மீதியை மாதக் கடைசிக்கு மட்டுமல்ல, எந்த நாளுக்கும் எடுக்கலாம். முதலில் மாத நடுவுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும். அதுவரை சரியென்றால் பிழை பின்பாதியில். பின்பாதியை மறுபடி இரண்டாக்க வேண்டும். அப்படியே வெட்டிக்கொண்டு போனால் கடைசியில் ஒரு நாளில் போய் நிற்கும்.

“நான் அப்படி மூணு நாளக் கண்டுபிடிச்ச. அந்த நாள்ல ஒரு பில்லு விற்பனையில விழுந்திருக்கும், காசில விழுந்திருக்காது. ஒரு பக்கம் மட்டும்.” பேனையை மூடினாள். “ஏன் எண்டு தேடுறதுக்குள்ள போகச் சொல்லிட்டார்.”

“ஒரு பக்கம் மட்டும் எப்புடி விழும்? நான் கையால போட்டா, ரெண்டு பக்கமும் சமனில்லாட்டி சேவ் ஆகாதே. சிவப்புல திட்டுது.”

“அதத்தான் ராத்தா நானும் சொன்ன!” முதல் தடவையாக அவள் குரல் உயர்ந்தது. “‘ஹாஜியார், மனுசர் கையால இப்புடிப் பிழை விடவே ஏலாது, நான் நினைச்சாலும் ஏலாது’ எண்டு சொன்ன. அவர் கேட்டுட்டு நிண்டார். மறுகா, ‘வீட்டுல அப்பாக்குச் சுகமில்லயாமே, கொஞ்ச நாள் இரிந்து பாருங்க’ எண்டார். நான் ரெண்டு மாசம் போனக் கையில வச்சிட்டு இருந்தன்.”

ஒரு பையன் அடையாள அட்டைப் பிரதி எடுக்க வந்தான். அவள் எழுந்து எடுத்துக் கொடுத்து, காசை வாங்கி, மீதியை எண்ணிக் கொடுத்தாள். திரும்பி வந்தபோது குரல் பழையபடி தாழ்ந்திருந்தது.

“பாசிக்குடா ஹோட்டல் ஒண்டுல கணக்கு உதவியாளர் வேலை இருக்கு. பழைய இடத்துக் கடிதம் கேக்கிறாங்க. நாலு வருசத்துக்கு என்னட்ட ஒரு துண்டுக் கடிதம் இல்ல.”

ஸாதியா, தக்ஷாயினி எழுதித் தந்த மூன்று திகதிகளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை கடையில் அவள் வேறொன்றும் செய்யவில்லை. ஒவ்வொரு மாதத்தையும் இரண்டாக வெட்டினாள், பாதியை மறுபடி வெட்டினாள். பின்னேரத்துக்குள் நாலு நாட்கள் பிடிபட்டன. நாலிலும் ஒவ்வொரு பில். விற்பனைப் பக்கம் இருந்தது, காசுப் பக்கம் இல்லை. ஆனால் கல்லாவில் அந்தக் காசு குறையவில்லை. அம்ஜத் எண்ணி ஹாஜியாரிடம் கொடுத்த காசு சரியாக இருந்தது. காசு போகவில்லை. பதிவுதான் போயிருந்தது.

வீட்டுக்கு வந்து பிள்ளைகளைக் குளிப்பாட்டி முடித்துவிட்டுத் தக்ஷாயினிக்குப் போன் எடுத்தாள். இந்தத் தடவை முதல் மணியிலேயே தக்ஷாயினி பேசினாள்.

“நாலு நாள் கிடைச்சிருக்கு.” திகதிகளை வாசித்தாள்.

மறுபக்கம் கலண்டர் புரட்டுகிற சத்தம் கேட்டது.

“ராத்தா.”

“ஓம்.”

“எல்லாம் வியாழக்கிழமை. என்ட மூணும் வியாழக்கிழமைதான்.”

ஸாதியா தன் தாளிலிருந்த திகதிகளை மறுபடி பார்த்தாள்.

“வியாழன் அம்ஜத் ஊருக்குப் போற நாள்,” என்றாள் தக்ஷாயினி. “நாலரை பஸ்ஸுக்கு நான் போயிடுவன். அதுக்குப் பிறகு என்ன நடக்குதெண்டு எனக்குத் தெரியா.”

“நானும் அஞ்சு மணிக்குப் போயிடுவன். எனக்கும் தெரியா.”

அடுத்த வியாழன் ஸாதியா ஐந்து மணிக்குப் போகவில்லை. டைல்ஸ் இருப்பைச் சரிபார்க்க வேண்டும் என்று ஹாஜியாரிடம் சொன்னாள். சம்பள நாளை ஒட்டிய வியாழன் அது. வீடு கட்டுகிறவர்கள் வந்து வந்து போனார்கள். கால் கடுத்தது. பக்கத்து வீட்டுக்காரிக்கு இரண்டு தடவை போன் எடுத்து, இன்னும் கொஞ்ச நேரம் சின்னவனைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். இரண்டாவது தடவை அந்தப் பெண்ணின் குரல் சலித்திருந்தது.

அம்ஜத் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, கணினியில் ‘நாள் முடிவு’ பொத்தானை அழுத்தினான். “ஹாஜியார், பஸ் வந்துரும், வாறன்” என்று ஓடினான். மற்ற நாட்களில் அவன் அங்கேயே இருந்து போனில் கிரிக்கெட் பார்ப்பான். கணினி ஆறுதலாக வேலையை முடிக்கும். இன்று திரையில் ஒரு பச்சைக் கோடு மெல்ல மெல்ல வலப்பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. பழைய இயந்திரம். அன்றைக்குப் பில்லும் கூட. கோடு பாதியைக் கடந்திருந்தது.

ஹாஜியார் முன்கதவை இழுத்தார். மஃரிப் தொழுகைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து, கல்லா மேசையைப் பூட்டி, சுவரிலிருந்த மெயின் சுவிட்சைக் கீழே தட்டினார்.

கடை இருண்டது. மின்விசிறி ஓய்ந்தது. கணினி ஒரு சின்னச் சத்தத்தோடு செத்தது.

ஸாதியா டைல்ஸ் அடுக்குகளுக்கிடையில் நின்றாள். கையை வாயில் வைத்துக்கொண்டாள். சிரிப்பா அழுகையா வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

“இன்னும் போகல்லயா மகள்? இருட்டிட்டு, வாங்க வாங்க,” என்றார் ஹாஜியார்.

“எப்பவும் மெயினை நிப்பாட்டிட்டுத்தான் போவீங்களா ஹாஜியார்?”

“ஓம் மகள். அம்ஜத் உள்ளுக்குப் படுத்தா அவன் பாத்துக்குவான். ஆளில்லாத நாளையில மெயின்ல கரண்ட வைக்க மாட்டன். என்ட முதல் கடை கரண்ட் சோட் ஆகித்தான் எரிஞ்ச. உள்ளுக்கு ஆணி ஒண்டும் மிஞ்சல்ல.” அவர் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

அன்று அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லும் தெம்பு இருக்கவில்லை. சின்னவனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், சமைத்ததைச் சூடாக்கி, தானும் இரண்டு வாய் சாப்பிட்டு, உடுப்பு மாற்றாமலே படுத்தாள்.

சனி காலை பரீட்சை மீதியை எடுத்தாள். சிவப்புத் தொகை கூடியிருந்தது. ஒரு பில்லின் அளவுக்குக் கூடியிருந்தது. வியாழன் கடைசியாகக் கழிவறைச் சாமான் வாங்கிப் போனவர்களுடைய பில். ஹாஜியாரைக் கூப்பிட்டாள். அவர் வந்து கதிரையில் இருந்தார்.

“ஹாஜியார், இந்தப் பில்லப் பாருங்க. விற்பனையில இரிக்கி. காசில இல்ல.”

“ஏன்?”

“இந்த மிசின் ஒவ்வொரு பில்லையும் ரெண்டு தடவ எழுதும். ஒருக்கா விற்பனையில, ஒருக்கா காசில. ஒண்ட எழுதி மத்தத எழுதுறதுக்குள்ள கரண்ட் போனா, அது அப்புடியே அரைவாசியில நிண்டுரும். கரண்டத் திரும்பப் போட்டா, அந்தப் பில்லு முடிஞ்செண்டு நினைச்சி அடுத்ததுக்குப் போயிரும்.”

“கரண்ட் எப்ப போன?”

ஸாதியா சுவரிலிருந்த மெயின் சுவிட்சைப் பார்த்தாள். அவரும் பார்த்தார்.

“வியாழக்கிழமை மட்டும்தான் ஹாஜியார். பில்லு கூடின வியாழன். இந்த ஏழு நாளும் அதான்.” எழுதி வைத்திருந்த தாளை நீட்டினாள். “மேல மூணும் தக்ஷாயினி இரிந்த காலத்துல. கீழ நாலும் என்ட காலத்துல. நேத்து முந்தினநாள் ஒண்டு, அதோட எட்டு.”

“யூபிஎஸ் ஒண்டு இரிந்துதே?”

“பெரிய கரண்ட் வெட்டு வந்த வருசமே அதுட பெட்டரி செத்துட்டாம். அம்ஜத் சொல்றான்.”

ஹாஜியார் தாளை மடியில் வைத்துக்கொண்டார். முன்னால் ஒருவர் பெயின்ட் நிறம் கேட்டுக் கூப்பிட்டார். அவர் எழுந்திருக்கவில்லை.

“அப்ப அந்தப் புள்ள...” என்றார். முடிக்கவில்லை.

ஸாதியா முடித்துக் கொடுக்கவில்லை. அவளும் களைத்துப்போயிருந்தாள், அவருக்கு வசதியான ஒரு வார்த்தையைத் தேடிக் கொடுக்க மனம் வரவில்லை.

அன்றே பின்னேரம் புது யூபிஎஸ் ஒன்று வந்தது. அம்ஜத் அதை மேசைக்குக் கீழே வைத்து வயரை மாட்டினான். ‘நாள் முடிவு’ முடிந்து திரை அணைந்த பிறகுதான் மெயினைத் தொடலாம் என்று ஸாதியா ஒரு துண்டில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவிட்சுக்கு மேலே ஒட்டினாள். பிறகு எட்டுப் பில்லையும் ஒவ்வொன்றாக ரத்துச் செய்து, அம்ஜத்தைக்கொண்டு அதே திகதியில் மறுபடி போட வைத்தாள். அவன் ஒவ்வொரு தடவையும் பெயரை வாசித்துக் கேட்டான். அவள் சரி என்றாள். கடைசியில் பரீட்சை மீதியை எடுத்தபோது இரண்டு நிரலும் ஒரே தொகையில் வந்து நின்றன. சிவப்பு வரி காணாமல் போயிருந்தது. பெரிய சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தாள். கண்ணை மூடிக் கொஞ்சம் படுக்க வேண்டும் போல்தான் இருந்தது.

திங்கட்கிழமை அவள் ஹாஜியாரிடம் நேராகவே கேட்டாள்.

“தக்ஷாயினிக்கு ஒரு சேவைக் கடிதம் வேணும் ஹாஜியார். ஹோட்டல் வேலைக்குக் கேக்காங்களாம்.”

“டைப் அடிங்க மகள்.”

“என்ன அடிக்க?”

“நாலு வருசம் வேலை செஞ்சாங்க. நல்ல புள்ள. கணக்குல திறமை.” யோசித்தார். “சொந்த விருப்பத்துல விலகினாங்க எண்டு போடுங்க. அப்புடித்தான் எல்லாரும் போடுற.”

ஸாதியாவின் விரல்கள் நின்றன. “அத நான் போட மாட்டன் ஹாஜியார்.”

சொன்ன பிறகுதான் அவளுக்கே பயம் வந்தது. ஐந்து மாத வேலை. சின்னவனின் மருந்து. அஸ்கர் கேட்டால் என்ன சொல்வான்? ஹாஜியார் அவளைப் பார்த்தார். கோபப்படுவார் என்றிருந்தாள். அவர் முகத்தை இரண்டு கையாலும் வழித்துவிட்டார்.

“அப்ப அந்த வரிய விடுங்க. நேர்மையா வேலை செஞ்சாங்க எண்டு போடுங்க. என்ட கடைக்கு அவங்களால ஒரு சதம் நட்டமில்ல எண்டும் போடுங்க.”

அடித்து நீட்டினாள். கண்ணாடி போட்டு இரண்டு தடவை வாசித்து, கையெழுத்திட்டு, முத்திரை குத்தினார். ஸாதியா அதை வாங்கக் கை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை.

“நான் கொண்டு போறன்,” என்றார்.

மறுநாள் மத்தியானம் தக்ஷாயினி போன் எடுத்தாள். ஸாதியா அப்போது சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டிருந்தாள்.

“ராத்தா, ஹாஜியார் வந்தவர்.”

“எப்ப?”

“நேத்துப் பின்னேரம். கடைக்கு இல்ல, வீட்டுக்கு. கேட்டடியில நிண்டார். கடிதத்தத் தந்தார். அப்பாட சுகம் கேட்டார். ‘கரண்ட்தான் மகள் செஞ்ச வேல’ எண்டார்.” அவள் நிறுத்தினாள். “அவர் கையால சுவிட்ச்ச நிப்பாட்டினதெண்டு சொல்லல்ல. கரண்ட் எண்டுதான் சொன்னார்.”

“ம்.”

“மன்னிப்புக் கேப்பாரெண்டு பாத்துட்டு நிண்டன். கேட்கல்ல. திரும்ப வேலைக்கு வாறீங்களா எண்டு கேட்டார். மாட்டன் எண்டுட்டன். உள்ளுக்கு வாங்க எண்டு சொல்ல எனக்கும் வாய் வரல்ல ராத்தா. வயசான மனுசன். வெயில்ல நிண்டுட்டுப் போயிட்டார். அப்பா ஏசினார்.”

“நீ பிழையொண்டும் செய்யல்ல.”

“தெரியா. ஒரு கேள்வி கேட்டிருந்தாப் போதும். ‘என்ன நடந்த, தக்ஷாயினி?’ எண்டு. நாலு வருசத்துக்கு ஒரு கேள்வி.”

ஸாதியா பெட்டியை மூடினாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் ஹாஜியார் யாரிடமோ பைப் விலை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் குரல் வழமைபோல்தான் இருந்தது. காலையில் வந்ததிலிருந்து அவர் தடுப்புக்கு மேலால் ஒரு தடவையும் எட்டிப் பார்க்கவில்லை.

“ஹோட்டல்ல என்ன சொல்றாங்க?”

“கடிதத்தப் படம் எடுத்து அனுப்பிட்டன். இந்த மாசக் கடைசியில சொல்றாங்களாம்.” தக்ஷாயினி கொஞ்சம் தயங்கினாள். “ராத்தா, உங்களுக்கு ஏதும் சொன்னவரா? அந்த வரியப் போட மாட்டன் எண்டதுக்கு?”

“உனக்கு ஆரு சொன்ன?”

“அவரே சொன்னார். ‘அந்தப் புள்ள அடிக்க மாட்டன் எண்டுட்டா’ எண்டு.”

“ஒண்டும் சொல்லல்ல. இதுவரைக்கும் சொல்லல்ல.”

“சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டுட்டா?”

“விட்டுட்டு. இப்ப சஹ்லாக்குத் தொடங்கியிருக்கு.”

“அப்ப நீங்க படுக்கவே இல்ல.”

“இல்ல,” என்றாள் ஸாதியா. அதைச் சொன்னபோது குரல் கொஞ்சம் உடைந்தது. அவள் அதைச் சரிப்படுத்த முயலவில்லை. “ரெண்டு ராவாப் படுக்கல்ல தங்கச்சி.”

“சாப்பிட்டீங்களா?”

“பெட்டி முன்னால இரிக்கி.”

“போனைக் கட் பண்ண வேணாம். மேசையில வச்சிட்டு அப்பிடியே இரிங்க. சாப்பிடுங்க,” என்றாள் தக்ஷாயினி. “நானும் இன்னும் சாப்பிடல்ல.”

ஸாதியா போனை மேசையில் சாய்த்து வைத்து, பெட்டியைத் திறந்தாள். மறுபக்கம் போட்டோகொப்பி இயந்திரம் ஓடுகிற சத்தமும், யாரோ இரண்டு பிரதி கேட்கிற சத்தமும் கேட்டது. சோறு ஆறிப்போயிருந்தது. அவள் பிசைந்து சாப்பிடத் தொடங்கினாள்.